படகின் முன்னறையில் முளைத்த காளான்

படகுப் பரிசோதனை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

உங்கள் பயிற்சியின் கடைசி நாளில் நாலு வார்த்தை பேசும்படி என்னைக் கூப்பிட்டிருந்தீர்கள். வந்து பேசினேன். பேசி முடித்ததும் உங்களில் ஒருவர் எழும்பி, "சேர், இப்ப எல்லாம் பைபர் படகுதானே. மரம் உக்கிறதைப் பற்றி நாங்கள் ஏன் மினக்கெட்டுப் படிக்கோணும்?" என்று கேட்டார். மற்றவர்கள் சிரித்தீர்கள். எனக்கு வந்த கோபத்தில் அங்கே ஒழுங்காகப் பதில் சொல்ல வரவில்லை. வீட்டுக்கு வந்து சோறு தின்ற பிறகும் அது அடங்கவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

பைபர் என்று நீங்கள் நம்புகிற படகுகள் பலவும் மரத்துக்கு மேலே பூசிய பைபர். மேலே பளபளப்பாக இருக்கும், உள்ளே மரம் மூச்சு முட்டிக் கிடக்கும். உக்கி இற்றுப்போகத் தொடங்கினால் வெளியில் ஒரு அடையாளமும் தெரியாது. அதற்குள் ஊரவன் பிள்ளையை ஏற்றி நடுக்கடலுக்கு அனுப்பப் போகிறவர்கள் நீங்கள். சிரிக்க வேண்டிய விஷயம் என்றால் நல்லாய்ச் சிரியுங்கள்.

என்னோடு வேலை செய்த ஒருவர் இருந்தார். படகின் வெளிப்பலகையில் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டுவார், காதைச் சரித்துக் கேட்பார், "சோக்கான படகு" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணிக் கடைக்குப் போய்விடுவார். உள்ளே இறங்கவே மாட்டார். காற்சட்டை அழுக்காகிவிடுமாம். அவர் ஓய்வு பெற்றபோது மாலை போட்டார்கள். அவர் பார்த்த படகுகள் ஒன்றும் தாழவில்லை என்று அன்றைக்கு மேடையில் பேசினார்கள். அதிர்ஷ்டத்தையும் திறமையையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத கூட்டம் அது.

மரத்தைப் பற்றி ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். கடல் தண்ணீர் படகு மரத்தை அவ்வளவு சுலபத்தில் உக்க வைக்காது. உப்பு ஊறிய மரம் நாள்பட நிற்கும். மழைத்தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும்தான் எமன். நல்ல தண்ணீர் தேங்கி, காற்றுப் படாமல் மூடிக் கிடந்தால், மரத்துக்குள் வெள்ளை நூல் நூலாக ஒன்று ஓடத் தொடங்கும். அது மரத்தைத் தின்னும். தின்று முடிக்கிற நேரத்தில்தான் வெளியே சின்னதாய் ஒரு காளானை நீட்டும். காளானைக் கண்டு இப்போதுதான் நோய் தொடங்குகிறது என்று நினைக்கிறவன் முட்டாள். நான் சொல்லப்போகிற கதையில் அப்படிப்பட்டவர்கள் வருவார்கள். அவர்களைவிட மோசமான ஒருவரும் வருவார், அவர் எனக்கு மேலதிகாரியாக இருந்தார்.

தீவு ஒன்றில் அம்மன் கோயில் திருவிழா. ஊர்ப் பெயர் வேண்டாம். திருவிழாவுக்கு முன் ஆட்கள் போகும் படகுகளையெல்லாம் ஒரு தடவை பார்ப்பது எங்கள் வழக்கம். அந்தத் துறையில் ஓடிய படகுகளுக்குள் ஒன்று, பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கும். நீலமும் வெள்ளையும் பூசி, பித்தளை மணி தொங்கவிட்டு, தரையெல்லாம் பிளாஸ்ரிக் விரிப்பு ஒட்டி வைத்திருப்பார் அதன் சொந்தக்காரர். துறையில் எல்லாரும் அவரைச் சம்மாட்டியார் என்றே கூப்பிடுவார்கள். நல்ல மனுசன். வெற்றிலை, சுருட்டு, குடி ஒன்றும் கிடையாது. படகுக்குள் செருப்புக் காலோடு ஏற விடமாட்டார். கோயிலுக்குப் போகிற படகும் கோயில்தான் என்பார்.

படகின் முன்பக்கத்தில் ஒரு சிறிய அறை. தண்ணீர் தெறிக்காது என்பதால் பெண்களும் குழந்தைகளும் அதற்குள் இருப்பார்கள். மூலையில் தட்டு அடித்து அம்மன் படம் வைத்திருந்தார். நான் அந்த மூலைக்குக் குனிந்து டோர்ச் அடித்தேன். தட்டுக்குக் கீழே, படகுக்கு விலா எலும்பு மாதிரி வளைந்து நிற்கும் வங்கு மரத்தில், விரல் நகம் அளவில் தொப்பி வைத்து வரிசையாகக் காளான்கள் நின்றன. சாம்பல் வெள்ளை நிறம், நூல் போலக் கால். ஒவ்வொன்றின் தலையிலும் குங்குமப் பொட்டு.

எனக்குக் கண் பிழையோ என்று கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். குங்குமம்தான். பக்கத்தில் சாம்பிராணி ஏற்றிய கரியும் கிடந்தது. நான் ஒரு காளானைப் பிடுங்கினேன். பின்னால் சம்மாட்டியாரின் சத்தம் வந்தது.

"உதிலை கை வையாதேங்கோ சேர்! அது அம்மாளாச்சி குடை பிடிச்சு நிக்கிற இடம்."

"எப்ப தொட்டு நிக்கிறா?"

"போன மாசம் மனுசிதான் முதல் கண்டவ. வேப்ப மரம் சேர் உது. வேம்பிலை அவதானே இருக்கிறவ. எங்கடை படகைத் தேடி வந்திருக்கிறா."

வேம்பு அம்மனின் மரம். அந்த மரத்தில், அம்மன் படத்துக்கு நேர் கீழே, வெள்ளைக் குடை முளைத்தால் அந்த வீட்டார் வேறு எதை நினைப்பார்கள்? அவர்களில் எனக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. அந்த ஆண்டு மழை நின்று கனநாளாயிற்று. வெளியில் மண் வெடித்துக் கிடக்கிறது. இதற்குள் ஈரம் எங்கிருந்து வந்தது?

"இதுக்குள்ளை தண்ணி எங்காலை வருது, சம்மாட்டியார்?"

அவர் முகம் மலர்ந்தது. தன் படகைப் பற்றிப் பெருமையாகச் சொல்லக் கிடைத்த கேள்வி என்று நினைத்துவிட்டார். "வெள்ளிக்கிழமையிலை கழுவுறனாங்கள் சேர். மற்றவங்கள் மாதிரி உப்புத் தண்ணியாலை இல்லை. அது சனத்தின்ரை வேட்டி சீலையிலை ஒட்டும். நல்ல தண்ணி. இணுவிலிலை மனுசியின்ரை வீட்டுக் கிணத்திலை அள்ளி, வான் பிடிச்சு ஏத்திக்கொண்டு வாறன். மஞ்சளும் கலந்து விடுவம். இப்ப அம்மாளாச்சிக்கும் ஒரு செம்பு வாக்கிறது."

நான் விரிப்பின் ஓரத்தைக் கிளப்பினேன். கீழே பலகை கறுத்து ஈரமாய்க் கிடந்தது. பழைய சாக்கு நாறுவது போல ஒரு மணம். ஸ்குறூட்றைவரை எடுத்து வங்கில் வைத்து அழுத்தினேன். தேத்தண்ணியில் நனைந்த பாணுக்குள் போவது போலப் பிடிவரைக்கும் போய்விட்டது. அடுத்த வங்கும் அப்படியே. படகின் பலகைகளைப் பிடித்து வைத்திருக்கிற ஆணிகள் அந்த வங்குகளில்தான் இறங்கியிருந்தன. அலை ஓங்கி அடித்தால் அந்த இடத்தில் பலகை வாய் திறக்கும். முன்னறையில் இருப்பவர்கள் எழும்புவதற்குள் தண்ணீர் நிறைந்துவிடும்.

"வேம்பு உக்குமே சேர்? கறையான்கூட வாய் வைக்காது" என்றார்.

"கறையானுக்கு நாக்கு இருக்கு. கைக்குதெண்டு விட்டிட்டுப் போயிடும். உதுக்கு நாக்கு இல்லை."

படகு ஓடக் கூடாது என்று சொன்னேன். அவர் முதலில் கெஞ்சினார். திருவிழாவுக்கு முதல் நடை தன்னுடைய படகுதான் என்றும், மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் ஒவ்வொரு வருடமும் அந்த முதல் நடையில் முன்னறையில் இருந்து போவது நேர்த்தி என்றும் சொன்னார். நான் அசையவில்லை. அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னார்.

"நீங்கள் வேதக்காரர். எங்கடை சாமி உங்களுக்கு எங்கை விளங்கப்போகுது."

என் பாட்டனார் காலத்திலிருந்து நாங்கள் கிறிஸ்தவர்கள், மிஷன் பள்ளிக்கூடத்து ஆட்கள். அந்த வார்த்தை எனக்குச் சுட்டது. அவருடைய பிள்ளைகளுக்காகத்தான் நான் ஈர மரத்தில் முழங்கால் குத்தி நின்றேன். ஆனால் கேளுங்கள், அந்த மனுசன் ஒரு சாமானையும் களவாக மறைக்கவில்லை. மரத்தைத் தெரியாது, அவ்வளவுதான். என் உண்மையான கோபமெல்லாம் அடுத்து வந்தவருக்காக வைத்திருக்கிறேன்.

சம்மாட்டியார் திருவிழாச் சபையிடம் போனார். சபை என் மேலதிகாரியிடம் போனது. மேலதிகாரி வெள்ளைக் காற்சட்டையோடு துறைக்கு வந்து இறங்கினார்.

"எங்கை காணும் உம்மடை காளான்?"

நான் பிடுங்கியது போக மிச்சம், அறையைத் திறந்து வைத்த இரண்டு நாள் காற்றுக்கும் வெயிலுக்கும் காய்ந்து உதிர்ந்துவிட்டது. திறந்து விட்டால் காளான் அப்படித்தான். "காளான் போயிட்டுது சேர். அது திண்ட மரம் இருக்கு. குனிஞ்சு குத்திப் பாருங்கோ" என்று ஸ்குறூட்றைவரை நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. குனியவுமில்லை. வாசலில் நின்றபடி உள்ளே எட்டிப் பார்த்தார். ஆனால் என் கையிலிருந்த ஸ்குறூட்றைவர் எவ்வளவு தூரம் மரத்துக்குள் போகிறது என்பதை நான் குத்திக் காட்டியபோது கண்டார். கண்டார் என்பதை நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன், ஏனென்றால் அவருடைய முகம் மாறியது. பிறகு என்னைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார்:

"உந்த ஒரு படகை நிப்பாட்டினால் அதின்ரை சனம் மற்றப் படகுகளிலை போய் நெரியும். அது இதைவிடப் பெரிய ஆபத்து. அதுக்கு நீர் பொறுப்போ?"

பிள்ளைகளே, இந்த வேலையில் உங்களை மிரட்டுகிறவனைச் சமாளிக்கலாம். நியாயம் போல ஒன்றைச் சொல்லுகிறவனிடம்தான் விழிப்பாய் இருக்க வேண்டும். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நெரிந்த படகும் தாழும். நானும் ஒரு நிமிடம் தடுமாறினேன். முன்னறையை மட்டும் பூட்டிவிட்டு ஓட விடலாமோ என்றும் யோசித்தேன். பூட்டினால் என்ன, பலகை திறந்தால் தண்ணீர் கதவு தட்டிக்கொண்டா வரும்? கடைசியில் எனக்கு ஒரு வழிதான் தெரிந்தது.

"சனத்தைக் காக்க வைப்பம் சேர். மற்றப் படகுகள் இறக்கிப்போட்டுத் திரும்பி வரட்டும்."

"திருவிழாச் சனத்தையோ? சபைக்காரருக்கு நீர் மறுமொழி சொல்லுவீரோ? அந்த ஒரு நாள் ஓடட்டும். பிறகு திருத்தட்டும். ஒண்டும் நடவாது."

"நடவாதெண்டு ஆர் சொன்னது?"

"நான் சொல்லுறன்" என்றார். ஒரு நாளுக்கு அனுமதி கொடுத்துக் கையெழுத்தும் வைத்துவிட்டு வாகனத்தில் ஏறினார். அவருக்கு மேலே உள்ளவர்களுக்கு நான் போன் எடுத்துப் பார்த்தேன். எல்லாரும் லீவு.

திருவிழா அன்று விடியவே நான் துறைக்குப் போய்விட்டேன். பாற்குடமும் காவடியுமாய்ச் சனம் குவிந்திருந்தது. நீலப் படகை வாழை கட்டி, மாலை போட்டு நிறுத்தியிருந்தார்கள். ஏறுகிறவர்களை நான் மறித்து, "இதின்ரை முன்பக்க மரம் உக்கிப்போச்சு, ஏறாதேங்கோ" என்று சொல்லிப் பார்த்தேன். ஒருவர் சிரித்தார். ஒருவர், "வேதக்காரர் திருவிழாவைக் குழப்ப வந்திட்டார்" என்றார். ஒரு அம்மா, "உந்த வாய்க்குப் புழுப் பிடிக்க" என்று திட்டிக்கொண்டே ஏறிப்போனார். சபைத் தலைவர் வந்து என் தோளில் கைவைத்து, இது பெரியவர் அனுமதி தந்த படகு என்றும், என்னைச் சும்மா இருக்கும்படியும் புத்தி சொன்னார். படகு நிறைந்தது. முன்னறையில் சம்மாட்டியாரின் மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் பட்டுப் பாவாடையோடு அம்மன் படத்துக்குக் கீழே இருந்தார்கள்.

அப்போதுதான் மேலதிகாரி குடும்பத்தோடு வந்து இறங்கினார். வேட்டி சால்வையோடு அவர், மனைவி, ஏழெட்டு வயது மகள். சபைக்காரர் வழி விலக்கிக் கொடுத்தார்கள். துறையில் படகுகளை ஒன்றோடொன்று அணைத்துக் கட்டியிருப்பார்கள். வெளியே நிற்கும் படகுக்குப் போக உள்ளே நிற்கும் படகைத் தாண்டித்தான் போக வேண்டும். நீலப் படகு கரையோடு நின்றது. அதற்கு அப்பால் இன்னொரு படகு, பெயின்ற் கழன்ற பழையது. நான் பார்த்து, ஓடலாம் என்று சொன்ன படகு.

சம்மாட்டியார் ஓடி வந்து கை நீட்டினார். "வாங்கோ ஐயா, முன்னறையிலை அம்மாளாச்சிக்குக் கிட்ட உங்களுக்கு இடம் பிடிச்சு வைச்சிருக்கிறன்."

"இல்லை, இல்லை, நாங்கள் மற்றதிலை போறம்" என்றார் அதிகாரி.

"ஏன் ஐயா? உதிலை இருக்கவும் ஒழுங்கில்லை."

"பிள்ளைக்கு டீசல் மணம் ஒத்துவராது. மற்றதிலை காத்து நல்லா வரும்."

இரண்டு படகும் ஒரே டீசலில்தான் ஓடுகின்றன. பழைய படகின் புகை அந்த நேரத்தில் எங்கள் எல்லாருடைய முகத்திலும் அடித்துக்கொண்டிருந்தது. அவர் மகளை இடுப்பில் தூக்கினார். நீலப் படகின் தளத்தில் காலை வைத்து, நெருப்பில் மிதிப்பவர் மாதிரி நாலே எட்டில் தாண்டி, பழைய படகில் ஏறிவிட்டார். மனைவியின் கையைப் பிடித்து இழுத்து ஏற்றிக்கொண்டார். என்னைத் திரும்பிப் பார்க்கவேயில்லை.

அறியாதவன் விடுகிற பிழையை நான் எத்தனையோ கண்டிருக்கிறேன். இவர் அறிந்தவர். தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாண்டத் தெரிந்தவர். கையெழுத்தை வைத்து அந்தப் படகில் ஊரவன் பிள்ளைகளை இருத்தியதும் அவர்தான். அவ்வளவு பேருக்கு முன்னால் அவரைக் கழுத்தில் பிடித்திருப்பேன், பழைய படகு அதற்குள் கட்டவிழ்த்துப் போய்விட்டது.

சம்மாட்டியார் நீட்டிய கையை இறக்காமல் போகிற படகைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கரையில் நின்ற என்னைப் பார்த்தார். பின்னுக்குப் போய் எஞ்சினை நிற்பாட்டினார். முன்னறைக்குள் குனிந்து போய் மனைவியையும் பிள்ளைகளையும் கையில் பிடித்து வெளியே கொண்டுவந்து கரையில் விட்டார். சின்னவள் அழுதாள்.

"எல்லாரும் இறங்குங்கோ" என்றார். "படகு போகாது."

பிறகு நடந்ததை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். சனம் அவரையும் என்னையும் ஏசாத ஏச்சில்லை. நானும் அவரும் தோளோடு தோள் நின்று, திரும்பி வந்த படகுகளில் அளவுக்கு மேல் ஒருவரையும் ஏற விடவில்லை. வெயில் ஏற ஏற ஏச்சும் ஏறியது. பாற்குடம் எடுத்த ஒரு பெண்ணுக்குப் பால் திரைந்துவிட்டது. அவர் குடத்தைக் கீழே வைத்துவிட்டு இருந்து அழுதார். அந்த அழுகை என்னை என்னவோ செய்தது, இன்றைக்கும் செய்கிறது. ஆனாலும் காத்திருந்து செத்தவர் என்று ஒருவரையும் நான் கேள்விப்படவில்லை. உங்களிடம் யாராவது "சனம் காத்திராது" என்று சொன்னால், காத்திருக்கும் என்று சொல்லுங்கள். ஏசிக்கொண்டு காத்திருக்கும். ஏச்சு வாங்கத்தான் உங்களை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள்.

படகுக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். பிறகு ஒரு நாள் அமைதியான கடலில் வெறும் படகாய் மெல்ல இழுத்துக்கொண்டு போய் மயிலிட்டியில் கரையேற்றினார்கள். நானும் போயிருந்தேன். முன்பக்கப் பலகையைத் தச்சன் இரும்புக் கம்பியால் நெம்ப வெளிக்கிட்டான், நெம்பத் தேவைப்படவில்லை. பலகை தானே கழன்று வந்தது. உள்ளே வங்கு இருந்த இடத்தில் மண்ணிற மா போல ஒன்று கொட்டுப்பட்டது. சம்மாட்டியார் அதைக் கையில் அள்ளி விரலால் கசக்கிப் பார்த்தார். விரிப்பையெல்லாம் கிழித்து எறிந்தார். இப்போது அவருடைய புதுப் படகைக் கடல் தண்ணீரால்தான் கழுவுகிறார். அம்மன் படம் அதே மூலையில் இருக்கிறது, இருக்கட்டும்.

அன்றைக்குப் பின்னேரத்தைச் சொல்லாமல் விட்டால் உங்களுக்கு என் கோபம் விளங்காது.

கடைசிப் படகுகள் திரும்பிக்கொண்டிருந்தன. நான் துறைக்கட்டில் இருந்தேன். சம்மாட்டியார் ஆளில்லாத தன் படகின் விளிம்பில் இருந்தார். வாழையும் மாலையும் வாடித் தொங்கின. மேலதிகாரி குடும்பத்தோடு வந்து இறங்கினார். நெற்றி நிறைய விபூதி, கையில் அர்ச்சனைத் தட்டு. நல்ல தரிசனம் போலும், முகம் குளிர்ந்திருந்தது. நேரே என்னிடம் வந்தார்.

"நீர் விபூதி பூசமாட்டீர். இந்தப் பழத்தையெண்டாலும் சாப்பிடும்" என்று ஒரு வாழைப்பழத்தை நீட்டினார். பிறகு, பிடிவாதக்காரப் பிள்ளைக்குப் புத்தி சொல்வது போலச் சிரித்தார். "பாத்தீரோ? நான் அண்டைக்கே சொன்னனான். ஒண்டும் நடக்கேல்லை. அம்மாளாச்சி நடக்க விடமாட்டா."

எனக்கு வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் சம்மாட்டியார் எழும்பி வந்துவிட்டார். வந்து, அர்ச்சனைத் தட்டைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார். உண்மையாகவே கும்பிட்டார். கும்பிட்ட கையை இறக்காமல் அதிகாரியின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

"ஓம் ஐயா. அம்மாளாச்சிதான் உங்களை மற்றப் படகிலை ஏத்தினவ."